யார் அந்த இரண்டாவது தரப்பு?

அருள்,

இதை உனக்குத் தனியாகத்தான் எழுதியிருக்க வேண்டும். போன வாரம் போனில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். "மேடம், சார் பார்த்துட்டார், தேங்க்ஸ்" என்று உன் உதவியாளர் பதில் போட்டார். பக்கத்தில் கைகூப்புகிற பொம்மை வேறு. பெற்றவளுக்கே ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிற இடத்துக்கு நீ வந்துவிட்டாய் என்றால், இனி நான் ஊரோடு ஊராக நின்றுதான் உன்னோடு பேச வேண்டும். அதனால்தான் பெங்களூர்த் தமிழர்களின் இந்தச் சின்னப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் விற்பார்கள். உன் கட்சிக்காரர் யாராவது வாங்கிப் பார்த்து, பதறிப்போய் உன்னிடம் கொண்டுவருவார். அப்போது முழுதாகப் படிப்பாய்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அப்பா வெளியுறவுத் துறையில் நாடு நாடாக வேலை பார்த்து, தூதராக ஓய்வு பெற்று, இந்த ஊரிலேயே அரசியலுக்கு வந்தார். எம்.பி. ஆனார். கொஞ்ச காலம் டெல்லியில் இணை அமைச்சராகவும் இருந்தார். பிறகு தோற்றார். போன வருஷம் இறந்துபோனார். அவர் நின்ற அதே தொகுதியில் இப்போது உனக்கு சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மனுத் தாக்கல்.

சீட்டுக் கிடைத்த கையோடு நீ நம் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தபோது உன்னோடு ஒரு கூட்டமே வந்தது. சோபாவை நகர்த்தினார்கள். ஹாலில் இருந்த உன் அப்பா படத்தைக் கழற்றி, வெளிச்சம் விழுகிற சுவரில் மாட்டினார்கள். அதற்குக் கீழே என்னை உட்காரவைத்து, நீ என் தோளில் கை வைத்துக்கொண்டு, "மம்மி, கொஞ்சம் சிரி" என்றாய். சிரித்தேன். சிரிப்பது எனக்குப் பழக்கமான வேலை. அதன் பிறகு போர்ட்டிகோவில் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தாய். ஒரு பெண் நிருபர் உன்னிடம் கேட்டாள்: இரண்டு மாநிலத்துத் தண்ணீர்ச் சண்டையில் ஊர் பற்றி எரிந்தபோது நீலசந்திராவில் முருகேசன் என்பவரின் கடையைக் கொளுத்தினார்களே, உங்கள் அப்பா அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அது ஒரு துரதிருஷ்டமான சம்பவம், அதில் இரண்டு தரப்பிலும் தவறு இருந்தது" என்றாய். உன் அப்பாவின் குரல் அப்படியே வந்தது. ஆனால் அவர்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

அதே வாயோடு உள்ளே வந்து, முருகேசனை என்னிடம் கேட்டாய். வேட்புமனுவில் வேட்பாளரை முன்மொழிந்து தொகுதி வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பாவுக்கு முதல் தேர்தலில் அப்படிப் போட்டவர் முருகேசன். அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இப்போது உனக்கும் அதே ஆள், அதே கையெழுத்து, அதே படம் வேண்டும். உன் ஆட்கள் போய்க் கேட்டதற்கு, "அம்மா சொன்னா வரேன்" என்று சொல்லிவிட்டாராம். "ஒரு வார்த்தை சொல்லு மம்மி, நீ சொன்னா அவரு தட்டமாட்டாரு" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். இதுதான் என் பதில். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்.

உன் அப்பா பிரேசர் டவுனில் ஒரு ரயில்வே கிளார்க்கின் மகன். படிப்பைத் தவிர அவருக்கு வேறு முதல் கிடையாது. பரீட்சை எழுதி வெளியுறவுத் துறைக்குப் போனபோது சர்ச்சில் அவருக்காகத் தனியாக ஜெபம் பண்ணினார்கள். பெண் கொடுக்க வீடுகள் வரிசையில் நின்றன. எங்கள் வீடு ஜெயித்தது. நானும் ஜெயித்ததாகத்தான் நினைத்தேன். பிறகு எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. தட்டு, நாற்காலி, திரைச்சீலை எல்லாமே சர்க்கார் சொத்து. விருந்தில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதுதான் எனக்குக் கிடைத்த உத்தியோகம். எந்த நாட்டுத் தூதர் முன்னால் வந்து பொறுப்பேற்றாரோ அவருக்குத்தான் மேலிடம். தப்பாக ஒரு நாற்காலி போட்டால் உன் அப்பா ஒரு வாரம் என்னோடு மரியாதையாகப் பேசுவார். அவருடைய மரியாதைதான் அவருடைய கோபம் என்று எனக்குப் புரியவே சில வருஷம் ஆயிற்று.

அந்த உலகத்தில் வருத்தத்துக்குக்கூடத் தரம் உண்டு, தெரியுமா? அடுத்த நாட்டில் ஏதாவது அநியாயம் நடந்தால் முதலில் "கவலை" தெரிவிப்பார்கள். அதற்கு மேலே "ஆழ்ந்த கவலை". அதற்கும் மேலே போனால்தான் "கண்டனம்". எந்தப் படியில் நிற்பது என்று உன் அப்பா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசிப்பார். நாளாக ஆக வீட்டிலும் அந்தப் படிக்கட்டைப் போட்டுவிட்டார். எனக்கு டைபாய்டு வந்தபோது கவலைப்பட்டார். நீ ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது ஆழ்ந்த கவலைப்பட்டார். கண்டனம் மட்டும் யாருக்கும் கிடைத்ததில்லை.

உன் இடது புருவத்துக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் உன்னை ஸ்கேலால் அடித்தான். வேறொரு தூதரக அதிகாரியின் மகன். ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தாய். உன் அப்பா காயத்தைப் பார்த்தார், கட்டுப் போடச் சொன்னார், பிறகு உன்னிடம், "நீ என்ன பண்ணினே முதல்ல? ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?" என்றார். நீ ஒன்றுமே பண்ணவில்லை. அந்த வார இறுதியில் அந்தக் குடும்பத்தை விருந்துக்குக் கூப்பிட்டார். அந்தப் பையன் பக்கத்தில் உன்னை உட்காரவைத்தது நான்தான். முறைப்படி அப்படித்தான் வரும். சாப்பாடு முழுக்க நீ என்னையே பார்த்தாய். நான் உன்னைப் பார்க்காமல் சூப் பரிமாறினேன். போர்ட்டிகோவில் "இரண்டு தரப்பிலும் தவறு" என்று நீ சரளமாகச் சொன்னபோது எனக்கு அந்தச் சூப்புதான் ஞாபகம் வந்தது. அடி வாங்கின பிள்ளை எப்படி இதைக் கற்றுக்கொண்டது என்று எனக்கு விளங்கவே இல்லை.

என் அப்பா, இப்போது நான் இருக்கிற இந்த வீட்டைக் கட்டியவர், அவர் இறந்த செய்தி வந்த அன்று டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கு எங்கள் வீட்டில் விருந்து. உன் அப்பா என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், "ரெண்டு மணி நேரம் சிரிச்ச முகமா இரு. அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் அழுதுக்கோ" என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றேன். பெங்களூர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கல்லறையில் பூக்கள் வாடியிருந்தன. அதற்குப் பிறகு எவ்வளவோ முறை சிரித்திருக்கிறேன். அந்த அழுகை மட்டும் வராமலே போய்விட்டது.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வளைகுடாவில் இருந்தபோது ஒரு கம்பெனி முதலாளி இரவோடு இரவாக ஓடிவிட்டான். நம் ஊர்த் தொழிலாளிகள் சம்பளம் இல்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல், தகரக் கொட்டகையில் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு கிடந்தார்கள். உன் அப்பா தினமும் அந்த ஊர் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவர்கள் டீ கொடுப்பார்கள், நாளைக்கு வா என்பார்கள். இவர் டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, மறுநாளும் போவார். குரலை உயர்த்தவே இல்லை. வேறு யாராவது மேஜையைத் தட்டிக் கத்தியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். கடைசியில் அந்த அதிகாரிக்கே இவரைப் பார்க்க வெட்கமாகிப் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வந்த எலக்ட்ரீஷியன்தான் நீலசந்திரா முருகேசன். அன்றைக்கு உன் அப்பாவைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்தவன் நாட்டில், கையில் எந்த அதிகாரமும் இல்லாத இடத்தில், அந்தப் பொறுமை உயிரைக் காப்பாற்றியது. சொந்த ஊரில், அதிகாரம் கையில் இருந்த இடத்தில், அதே பொறுமையைக் கொண்டுவந்து வைத்தார் பார், அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஓய்வு பெற்றதும் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். கறைபடாத முகம், நல்ல இங்கிலீஷ், கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ் ஓட்டு. ஒரே கல்லில் அவர்களுக்கு எத்தனை மாங்காய்! முருகேசன் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். "சார் இல்லேன்னா நான் அங்கயே மண்ணாப் போயிருப்பேன்" என்று ஒவ்வொரு முக்கிலும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், கட்சிக் கொடியைப் பார்த்து இல்லை. முருகேசன் அப்போது மிக்சி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் செய்கிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். போர்டில் கன்னடம் மேலே, தமிழ் கீழே. அந்தக் கீழ் வரிதான் அவர் செய்த குற்றம்.

தண்ணீர்ச் சண்டை வெடித்த அன்று சாயங்காலம் கடைக்குள் நெருப்பு வைத்தார்கள். உள்ளே ரிப்பேருக்கு வந்திருந்த மிக்சிகள் எல்லாம் எரிந்தன. கன்னடக்காரர் வீட்டு மிக்சியும் முஸ்லிம் வீட்டு மிக்சியும் அதில் இருந்தன. அடுத்த வீட்டு சாவித்ரம்மா முருகேசனின் பெண்டாட்டி பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போட்டுக் கதவை மறித்து நின்றிருக்கிறார். தாய்மொழி கன்னடம் அந்த அம்மாவுக்கு. "இவ்ரு நம்ம மனேவ்ரு", இவர்கள் எங்கள் வீட்டு மனுஷர்கள் என்று சொல்லி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருக்கு எந்த நாட்டிலும் பதவி இல்லை, அமைச்சர் கார் இல்லை. யார் பக்கம் நிற்பது என்று யோசிக்க அவருக்கு ஒரு ராத்திரி தேவைப்படவில்லை.

உன் அப்பா அப்போது ஊரில்தான் இருந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு வழக்கம்போல எனக்குப் படித்துக் காட்டினார். நடந்தவை கவலை அளிக்கின்றன, இரு தரப்பினரும் பொறுமை காக்க வேண்டும். ஆழ்ந்த கவலைகூட இல்லை அருள், வெறும் கவலை. நான் அவர் எழுதின எதையும் அதுவரை கேள்வி கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"யாருங்க அந்த ரெண்டாவது தரப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பக்கம் ஒரு வார்த்தை கூடிப்போனா டெல்லியில கேப்பாங்க. அந்தப் பக்கம் கூடிப்போனா இங்க கேப்பாங்க. பேலன்ஸ் வேணும்மா" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் முருகேசன் வந்தார். சட்டையெல்லாம் புகை வாடை. போர்ட்டிகோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று நான் சொன்னேன். சார் மாடியில் இருந்தார். அவர் செருப்பு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. முருகேசன் அந்தச் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

"பேப்பர்ல பாத்தேன்மா. ரெண்டு சைடும் பொறுமையா இருக்கணும்னு சார் சொல்லியிருக்காரு. நான் ஸ்டூல் மேல நின்னு டியூப்லைட் மாத்தினு இருந்தேன். நான் எந்த சைடும்மா?"

காபியை முழுதாகக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி வைக்கப் பார்த்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். யார் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினாரோ, அவர்கள் இவரை வெளியூரான் என்றார்கள். பிரேசர் டவுனில் பிறந்தவரை! நீலசந்திராவில் இவர் ஆட்டோ நுழைந்தால் ஜனங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். தோற்ற பிறகு டெல்லிக்காரர்கள் போன்கூட எடுக்கவில்லை. செத்தபோது ஒரு மலர் வளையம் வந்தது, அதிலும் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ அப்போது புனேயில் வேலையில் இருந்தாய். கடைசி வருஷம் உன் அப்பா படுத்திருந்த அறையில் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது. ஆள் கூப்பிடட்டுமா என்றால் வேண்டாம் என்பார். "முருகேசன் பாத்தா சரியாயிடும்" என்பார். நீங்களே போன் பண்ணிக் கூப்பிடுங்கள் என்று நம்பரையும் கையில் கொடுத்தேன். போனை எடுப்பார், வைப்பார். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாட்டு மந்திரிகளோடு பேசின மனுஷன் ஒரு எலக்ட்ரீஷியனோடு பேச வார்த்தை கிடைக்காமல் அந்தச் சத்தத்துக்குக் கீழேயே செத்தார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து முருகேசன் துக்கம் கேட்க வந்தார். ஃபேன் சத்தம் காதில் விழுந்தது. யாரும் சொல்லாமலே ஸ்டூலைப் போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டு, கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு உன் அப்பா மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. செத்தவர் மேல் ஆத்திரப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது, என்ன செய்ய?

போன செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்து நீலசந்திரா போனேன். சாவித்ரம்மா வீட்டு முன்பக்கத்தில் பாதி ஷட்டர் அளவுக்குத்தான் இப்போது முருகேசன் கடை. என்னைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலைத் துண்டால் தட்டிக் கொடுத்தார். நான் வந்த காரியம் அவருக்குத் தெரியும். "சார் எனக்கு உயிர் குடுத்தவரும்மா. நீங்க சொல்லுங்க, வந்து கையெழுத்து போடறேன்" என்றார். தம்பி டிவியில் பேசியதைக் கேட்டீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கிறார். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேஜாரா பூடுச்சும்மா. காலேஜ் படிக்கற என் பொண்ணு கேக்குது, அன்னிக்கு நீ என்னப்பா தப்பு பண்ணேன்னு."

அருள், உன் புருவத்தைத் தொட்டுப் பார். நீ என்ன பண்ணினாய் முதலில் என்று உன்னைக் கேட்டார்களே, அதே கேள்வியை அந்த மனுஷன் தன் வீட்டில் தன் பிள்ளையிடமிருந்து வாங்கியிருக்கிறார். அதை அந்தப் பெண் வாயில் வைத்தது நீ.

"கையெழுத்துப் போடாதீங்க முருகேசன். நான்தான் சொல்றேன்" என்றேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, "தம்பி கோச்சுக்கும்மா" என்றார். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன்.

ஆக, வெள்ளிக்கிழமை முருகேசன் வரமாட்டார். கையெழுத்துப் போட உன் கட்சியில் ஆளுக்கா பஞ்சம், பிடித்துக்கொள். போஸ்டரில் இருந்து என் படத்தை எடுத்துவிடு. அந்தச் சிரிப்பு உனக்காகச் சிரித்தது இல்லை, பழக்க தோஷம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கேமரா இல்லாமல், ஆள் அம்பு இல்லாமல், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ அந்தப் பாதி ஷட்டர் கடைக்குப் போய், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் அப்பா ஒரு தப்பும் பண்ணவில்லை" என்று சொல். பிறகு அதையே மைக்கிலும் சொல். சொன்னால் அதற்கு யாரும் "ஆழ்ந்த" என்று அடைமொழி போடத் தேவையிருக்காது. அப்படிச் செய்தால் உன்னை முன்மொழிய நானே வருகிறேன். எனக்கும் இந்தத் தொகுதியில்தான் ஓட்டு. சீட்டுப் போய்விடும் என்று உன் ஆட்கள் பயமுறுத்துவார்கள். போனால் போகட்டும். உன் அப்பா சொல்லாமல் இருந்தும் போனதுதானே?

நீ செய்வாய் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. இதைப் படித்ததும் உன் உதவியாளர் ஒரு பதில் எழுதுவார். அம்மாவின் கருத்தை மதிக்கிறோம் என்று அதில் இருக்கும். தயவுசெய்து அதை அனுப்பாதே. அதைவிட, கோபத்தோடு நேரே வீட்டுக்கு வா. கதவை ஓங்கிச் சாத்து. ஊர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்து. உன் அப்பா ஒரு நாளாவது அப்படி இந்த வீட்டுக்குள் வரமாட்டாரா என்று நான் வாழ்நாள் பூராவும் காத்திருந்தேன். நீயாவது வா. சோறு எடுத்து வைத்திருப்பேன்.

மம்மி